அப்பா யாரென்று சொல்லாத விதை

மாமரத்துக்கு ஒட்டு இருக்கிறது. வாழைக்குப் பக்கக்கன்று. முருங்கைக்கு ஒரு போத்தை வெட்டி நட்டால் முடிந்தது. இவற்றில் தாய் எப்படியோ பிள்ளையும் அப்படியே. நிறம் மாறாது, ருசி மாறாது. பப்பாளிக்கு அந்த வசதி கிடையாது. கிளை விடாமல் ஒற்றைத் தண்டாக நிமிர்ந்து வளரும் செடி அது. உள்ளே கட்டையே இல்லாமல் பொந்தாக இருக்கும். வெட்டி நடப் போத்து கிடைக்காது. ஆய்வுக்கூடங்களில் திசு வளர்ப்பு முறையில் கன்று எடுக்கிறார்கள், சில நாடுகளில் ஒட்டும் கட்டுகிறார்கள். நம் வீட்டுக் கொல்லைக்கு வந்து சேர்வது என்னவோ விதையிலிருந்து வந்த கன்றுதான்.

அதிலும் பாதி நாமாக விதைக்காதது. தட்டைக் கழுவிய தண்ணீரோடு போன விதை கிணற்றடியில் முளைத்திருக்கும். பறவை போட்டது மதில் ஓரத்தில் எழுந்திருக்கும். சும்மா வந்த கன்றுதானே என்று விட்டுவைப்போம். சில மாதம் கழித்து ஒன்று நீளக் காம்பில் சரம் சரமாகப் பூத்துக் கொட்டும். ஒரு பிஞ்சுகூட நிற்காது. இன்னொன்று காய்க்கும், ஆனால் பழம் சப்பென்றிருக்கும். அன்று நாம் தின்ற பழம் அவ்வளவு இனித்ததே, அந்த இனிப்பு எங்கே போனது?

எங்கும் போகவில்லை, விதைக்குள் முழுசாக வரவே இல்லை. நாம் தின்னும் சதை முழுக்கத் தாய் மரத்தின் உடல். எந்த மரத்து மகரந்தம் வந்து விழுந்தாலும் அந்தப் பழத்தின் ருசியோ நிறமோ மாறுவதில்லை. விதை மட்டும்தான் இருவருக்குப் பிறந்தது. பழத்தை ருசித்துப் பார்த்து விதை எடுத்துவைப்பது, மாப்பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை விசாரிக்காமல் பெண் வீட்டை மட்டும் பார்த்துவிட்டுப் பேரப்பிள்ளைக்கு ஜாதகம் எழுதுவது மாதிரி. பப்பாளி இரகங்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எல்லாப் பேச்சும் கடைசியில் அந்த மாப்பிள்ளையிடம்தான் போய் நிற்கிறது.

பப்பாளியில் மூன்று வகை மரங்கள் உண்டு. ஆண் மரத்தை அடையாளம் காண்பது எளிது: இலைக்கணுவிலிருந்து நீளமாகத் தொங்கும் கிளைத்த காம்பு, அதில் குழல் போன்ற மெல்லிய சிறு பூக்கள். பெண் மரத்தின் பூ தண்டை ஒட்டிக் குட்டைக் காம்பில் இருக்கும்; மொட்டு அடிப்பக்கம் பருத்திருக்கும்; இதழ்கள் ஐந்தும் தனித்தனியாக விரியும்; உள்ளே சூல்பை மட்டும் இருக்கும், மகரந்தத்தாள் ஒன்றுகூட இராது. மூன்றாவது வகை இருபால் மரம். அதன் பூவும் தண்டை ஒட்டியே இருக்கும், ஆனால் மொட்டு உருளையாக நீண்டிருக்கும், இதழ்களின் கீழ்ப்பாதி குழலாக ஒட்டியிருக்கும். பிரித்துப் பார்த்தால் நீண்ட சூல்பையைச் சுற்றி மகரந்தத்தாள்கள் பத்து. பெண் பூவில் பிறக்கும் பழம் உருண்டையாக, நடுவில் பெரிய குழியோடு இருக்கும். இருபால் பூவின் பழம் நீண்டு, சதை தடித்து, குழி சிறுத்திருக்கும். பழக்கடைக்காரர் விரும்புவது இரண்டாவதை.

மாலையில் ஆண் பூக்கள் மணக்கத் தொடங்கும். அந்தரத்தில் நின்றபடியே நீண்ட குழலால் தேன் உறிஞ்சும் பெரிய அந்துப்பூச்சிகள் அப்போது வரும். ஆண் பூவில் தேன் உண்டு, பெண் பூவில் இல்லை. ஆண் பூ என்று ஏமாந்து பெண் பூவில் வந்து மோதும் பூச்சிதான் மகரந்தத்தைச் சேர்க்கிறது. தெருக்கோடி வீட்டில் நிற்கும் ஆண் மரம் நம் வீட்டுப் பெண் மரத்துக்கு வரன் ஆவது இப்படித்தான். காய்க்காத மரம் என்று அந்த வீட்டுக்காரர் அதை வெட்டிவிட்டால் நம் மரத்தில் பூ உதிர ஆரம்பிக்கும், அல்லது விதையே இல்லாத சின்னக் காய்கள் நிற்கும். காரணம் இரண்டு வீட்டாருக்குமே தெரியாது.

மூன்று வகை மரங்கள் எந்தக் கணக்கில் பிறக்கின்றன என்பதை 1938இல் ஹவாயில் ஸ்டோரி என்ற ஆய்வாளரும் தென்னாப்பிரிக்காவில் ஹாஃப்மெயர் என்ற ஆய்வாளரும் ஒருவரையொருவர் சாராமல் கண்டுபிடித்தார்கள். குரோமோசோமை உடைத்துப் பார்க்கும் கருவி ஏதும் அன்று இல்லை. எந்த மரத்தை எதனோடு சேர்த்தால் என்ன பிறக்கிறது என்று கன்றுகளை எண்ணி எண்ணியே முடிவுக்கு வந்தார்கள். இன்றைய மொழியில் சொன்னால்: பெண் மரத்தில் இரண்டு எக்ஸ் குரோமோசோம். ஆண் மரத்தில் ஒரு எக்ஸ், ஒரு ஒய். இருபால் மரத்தில் ஒரு எக்ஸ், கொஞ்சம் மாறிப்போன ஒரு ஒய். ஒய்யோ மாறிய ஒய்யோ எதுவானாலும், இரண்டு ஒய் சேர்ந்து எக்ஸ் இல்லாமல் போன கரு பிழைக்காது, பிஞ்சுக்குள்ளேயே அழிந்துவிடும்.

இந்த நான்கு வரிகளை மனதில் வைத்துக்கொண்டால் விதைப் பொட்டலத்தின் ஜாதகத்தை நாமே எழுதிவிடலாம். பெண் பூவில் ஆண் மரத்து மகரந்தம் விழுந்தால் பிள்ளைகளில் பாதி ஆண், பாதி பெண். பெண் பூவில் இருபால் மரத்து மகரந்தம் விழுந்தால் பாதி பெண், பாதி இருபால்; ஆண் பிறக்கவே பிறக்காது. இருபால் பூ தன் மகரந்தத்தாலேயே கருத்தரித்தால் நாலில் ஒரு பங்கு கருவிலேயே போய்விடும், மிஞ்சுவதில் மூன்றுக்கு இரண்டு இருபால், ஒன்று பெண். இங்கும் ஆண் இல்லை. ஆணும் இருபாலும் சேர்ந்தால் மூன்று வகையும் சம அளவில் பிறக்கும்.

ஆகவே கடையில் வாங்கிய பழத்திலிருந்து விதை எடுப்பதென்றால், ஒரே இரகம் குவிந்திருக்கும் கூடையில் உருண்டைப் பழத்தை விட்டுவிட்டு நீளப் பழத்தை எடுப்பது புத்திசாலித்தனம். இருபால் பூ பெரும்பாலும் விரியும் முன்பே தன் மகரந்தத்தைத் தன் சூல்முடியில் கொட்டிக்கொள்கிறது. அதனால் நீளப் பழத்து விதைக்கு அம்மாவும் அப்பாவும் அனேகமாக ஒரே மரம். காய்க்காத ஆண் மரம் அதிலிருந்து வரும் வாய்ப்பு மிகக் குறைவு. உருண்டைப் பழத்து விதைக்கு அப்பா யாராகவும் இருக்கலாம். ஒரே இரகத்தின் பழங்களை ஒப்பிடும்போதுதான் இது செல்லும். சில இரகங்களில் எல்லாப் பழமும் கொஞ்சம் நீண்டேதான் இருக்கும்.

இந்த இருபால் மரம் எங்கிருந்து வந்தது என்பது பப்பாளி ஆராய்ச்சியில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பப்பாளியின் தாய்மண் தெற்கு மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும். அங்கே காட்டில் தானாக வளரும் பப்பாளியில் ஆணும் பெண்ணும் மட்டும்தான் உண்டு. இருபால் மரங்கள் தோட்டங்களில்தான். 2008இல் பப்பாளியின் மரபணுத் தொகுதி முழுவதையும் வாசித்து வெளியிட்டார்கள். 2015இல் வந்த ஓர் ஆய்வு, காட்டு ஆண் மரங்களின் ஒய்யையும் தோட்டத்து இருபால் மரங்களின் மாறிய ஒய்யையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டது. வேறுபாடு ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. இரண்டும் பிரிந்து ஏறத்தாழ 4,000 ஆண்டுகள் ஆகியிருக்கலாம் என்று கணக்கு வந்தது. மாயா நாகரிகத்தின் முன்னோர்கள் அந்த நிலத்தில் ஊன்றி விவசாயம் செய்யத் தொடங்கிய காலத்தை ஒட்டியது அது. ஏதோ ஓர் ஆண் மரத்தில் காய் பிடித்திருக்கிறது. யாரோ ஒருவர் அதைக் கவனித்து விதை எடுத்து வைத்திருக்கிறார். இருபால் பப்பாளி என்பது காய்க்கக் கற்றுக்கொண்ட ஆண்.

அப்படிப் பார்த்தால் கொல்லையில் நாம் காணும் பல விநோதங்களுக்கு விளக்கம் கிடைக்கிறது. இருபால் மரம் கடும் வெயிலில், தண்ணீர்ப் பஞ்சத்தில், தன் பழைய குணத்துக்குத் திரும்பும்: பூக்களில் சூல்பை சுருங்கி வெறும் ஆண் பூவாகிவிடும். சித்திரை, வைகாசியில் பூத்ததெல்லாம் உதிர்ந்து, பிறகு பார்த்தால் தண்டில் ஓரடிக்குக் காயே இல்லாத மொட்டை இடைவெளி தெரியும். குளிரும் ஈரமும் தழைச்சத்தும் மிகுந்தால் எதிர்ப்பக்கம் சாயும். மகரந்தத்தாள்கள் சூல்பையோடு ஒட்டிக்கொண்டு, பள்ளமும் மேடுமாகக் கோணிய காய் பிறக்கும். அது நோயல்ல. பெண் மரத்துக்கு இந்தத் தொல்லைகள் இல்லை, எந்தப் பருவத்திலும் பெண்ணாகவே இருக்கும். வெயில் கொளுத்தும் ஊர்களில், அக்கம்பக்கத்தில் ஓர் ஆணோ இருபாலோ நிற்கும் என்ற உறுதி இருந்தால், வீட்டுக்கு ஒரு பெண் மரம் மோசமான தேர்வு அல்ல. வியாபாரி பழத்தின் வடிவத்தைப் பார்க்கிறார் என்பதற்காக நாமும் பார்க்க வேண்டியதில்லை.

ஆண் மரத்துத் தண்டில் ஆணி அடித்தால் காய்க்கும் என்று ஒரு நம்பிக்கை ஊர்ப்பக்கம் பரவலாக உண்டு. ஆணிக்கு அந்தச் சக்தி கிடையாது. ஆனால் அடித்தவர் பொய் சொல்லியிருக்கவும் வேண்டியதில்லை. சில ஆண் மரங்கள் பருவம் மாறும்போது சரத்தின் நுனியில் ஓரிரு இருபால் பூ விட்டு, நீளக் காம்பில் ஊசலாடும் சிறு காய்களைத் தாங்கும். ஆணி அடித்தாலும் அடிக்காவிட்டாலும் அது நடந்திருக்கும். கறுத்த விதை பெண், வெளிறிய விதை ஆண் என்பதும், வேர் நேராகப் போனால் ஆண் என்பதும் இதே வரிசையில் சேர்ந்தவை. ஆய்வுக்கூடத்தில் இலைத் துணுக்கை வைத்து மரபணுச் சோதனை செய்தால் நாற்றுப் பருவத்திலேயே தெரிந்துவிடும். வீட்டில் பூ வரும்வரை பொறுப்பதைத் தவிர வேறு வழியில்லை.

பப்பாளி நம் நாட்டுக்கு வந்து இன்னும் ஐந்நூறு ஆண்டுகூட ஆகவில்லை. 1580களில் கோவாவில் இருந்த டச்சுக்காரர் லின்ஸ்கோட்டன், ஸ்பானியர்களின் நாடுகளிலிருந்து பிலிப்பைன்ஸ் வழியாக மலாக்காவுக்கும் அங்கிருந்து இந்தியாவுக்கும் வந்த பழம் என்று இதைப் பற்றி எழுதிவைத்தார். கன்றாகக் கப்பலில் வந்திருந்தால் இத்தனை வேகமாக வந்திருக்காது. ஒரு பழத்தில் நூற்றுக்கணக்கில் விதை. காயவைத்துத் துணியில் முடிந்துகொண்டால் போதும். அந்த விதைகள் ஒவ்வொரு துறைமுகத்திலும் கண்ட மகரந்தத்தோடும் கலந்துதான் இங்கே வந்தன. நாட்டுப் பப்பாளி என்று நாம் சொல்வது அந்தக் கலவை. அதற்கென்று ஒரு குறிப்பிட்ட குணம் கிடையாது.

குணத்தை நிறுத்திவைக்க முதலில் பெரிய அளவில் உழைத்தவர்கள் ஹவாய்க்காரர்கள். 1911இல் கரீபியத் தீவுகளான பார்படோஸ், ஜமைக்காவிலிருந்து அங்கே போன சிறு பழ வகை, பிறகு சோலோ என்று பெயர் பெற்றது. ஒரு ஆள் ஒரு பழத்தை ஒரு வேளைக்குத் தின்று முடிக்கலாம், அவ்வளவுதான் அளவு. தலைமுறை தலைமுறையாக இருபால் மரத்தின் விதையை மட்டுமே எடுத்து விதைத்ததால் அங்கே ஆண் மரமே ஒழிந்தது. 1968இல் சிவப்புச் சதை கொண்ட சன்ரைஸ் சோலோ வெளிவந்தது. இன்று நம் கடைகளில் சிவக்கும் பல பழங்களுக்கு அது பாட்டன் முறை.

கோவையில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ வரிசையில் வீட்டுக்காரர் முதலில் பார்க்க வேண்டியது, இரகம் எந்தக் கட்சி என்பதை. கோ 1, கோ 2, கோ 5, கோ 6, கோ 8 ஆகியவை ஆண் வேறு பெண் வேறாக வருபவை. கோ 3, கோ 7 இரண்டும் பெண்ணும் இருபாலுமாக வருபவை. கோ 2 இரகத்தையும் சன்ரைஸ் சோலோவையும் கலந்து பிறந்ததுதான் கோ 3. கோ 2, கோ 5 போன்றவை பப்பாளிப் பாலுக்குப் பேர்போனவை: பச்சைக் காயைக் கீறி வடியும் பாலில் பப்பைன் என்ற நொதி இருக்கிறது, புரதத்தை அறுக்கும். ஆட்டுக்கறியை ஊறவைக்கும்போது நம் வீடுகளில் ஒரு துண்டு பப்பாளிக்காயை அரைத்துச் சேர்ப்பது அதற்குத்தான். ஆலைக்குப் பால் விற்கும் எண்ணம் இல்லாத வீட்டில், பாலுக்காகவே வளர்க்கப்பட்ட இரகத்தைத் தேடிப் போக வேண்டாம். அந்த வழியில் வந்த கோ 8 மட்டும் விதிவிலக்கு; சிவந்த சதை, தின்னவும் நன்றாக இருக்கும், ஆனால் ஆண் கன்றுகளும் வரும் என்று தெரிந்து நட வேண்டும்.

கர்நாடகத்துக் குடகுப் பகுதியின் செட்டள்ளியில் தேர்ந்தெடுக்கப்பட்ட கூர்க் ஹனி டியூ, பெங்களூரில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் சூர்யா, அர்கா பிரபாத் இவையெல்லாம் ஆண் வராத கட்சி. தைவானிலிருந்து வந்து இன்று சந்தையை ஆளும் ரெட் லேடியும் அப்படியே. மாடித் தோட்டத்துப் பெரிய தொட்டிக்குப் பூசா நன்ஹா என்ற குள்ள இரகத்தைச் சொல்வார்கள். காமா கதிர் பாய்ச்சி உண்டாக்கிய திடீர் மாற்றத்தில் பிறந்தது அது. தரையிலிருந்து ஓரடி உயரத்திலேயே காய்க்கத் தொடங்கும். ஆனால் அதில் ஆணும் பெண்ணும் தனித்தனி. ஒரே ஒரு தொட்டிக்கு இடம் உள்ளவர், பாதிக்குப் பாதி ஆண் வரும் இரகத்தை நட்டுவிட்டு அதிர்ஷ்டத்தை நம்பியிருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. இடம் குறையக் குறைய ஆண் வராத இரகத்துக்குப் போவதுதான் நல்லது. நான்கைந்து மரம் நடும் கொல்லைக்கு எதுவானாலும் சரி. தோட்டக்காரர்கள் இருபது பெண் மரத்துக்கு ஓர் ஆண் என்று விட்டுவைக்கிறார்கள்.

ரெட் லேடி ஒரு வீரிய ஒட்டு. தனித்தனியாக நிலைப்படுத்திய இரண்டு வரிசைகளைக் கலந்த முதல் தலைமுறை. அதனால்தான் ஒரு பொட்டலத்து விதை முழுக்க ஒரே மாதிரி வளர்கிறது, விலையும் ஏறியிருக்கிறது. அந்தப் பழத்து விதையை எடுத்து விதைத்தால் அடுத்த தலைமுறையில் பெற்றோரிடம் ஒளிந்திருந்த குணங்கள் தனித்தனியாகப் பிரிந்து வெளிவரும். ஒன்று உயரமாகப் போகும், ஒன்று குட்டையாக நிற்கும். ஒன்று இனிக்கும், ஒன்று சுமார். விதை கெட்டுவிட்டது என்று இதற்குப் பொருள் இல்லை. நூறு ஏக்கர் போடுபவருக்கு இந்தக் கலப்படம் ஆகாது. நான்கு மரம் வைப்பவர் துணிந்து பார்க்கலாம்.

விதையைப் பக்குவப்படுத்துவதில் முக்கியமானது ஒன்றே ஒன்று. ஒவ்வொரு விதையையும் மூடியிருக்கும் வழுவழுப்பான சவ்வு அங்கே சும்மா இல்லை. அதில் முளைப்பைத் தடுக்கும் பொருள்கள் இருக்கின்றன. பழத்துக்குள்ளேயே விதை முளைத்துவிடாமல் காப்பது அதன் வேலை. சவ்வோடு மண்ணில் போட்ட விதை எப்போது முளைக்கும் என்று சொல்ல முடியாது. நன்றாகப் பழுத்த பழத்தின் விதையைச் சாம்பலோ மணலோ போட்டுத் துணியில் தேய்த்தால் சவ்வு பிதுங்கிக் கழன்றுவிடும். தண்ணீரில் அலசி, மிதப்பதை எறிந்துவிட்டு, மூழ்கியதை மட்டும் நிழலில் உலர்த்த வேண்டும். உடனே விதைப்பதானால் ஈரம் வற்றினால் போதும். பாட்டிலில் அடைத்து வைத்த பழைய விதையை ஓரிரவு ஊறவைப்பது நல்லது. ஜிப்ரெலிக் அமிலக் கரைசலில் நனைத்தால் முளைப்பு கூடும் என்பது உண்மைதான், ஆனால் நான்கு கன்றுக்கு அது தேவையில்லை.

மண், மணல், மக்கிய தொழுவுரம் மூன்றும் சம பங்கு கலந்த பாலித்தீன் பையில், விரல் நுனி ஆழத்தில் ஊன்ற வேண்டும். பையை வெயில் படும் இடத்தில் வைப்பது அவசியம். காட்டில் மரம் ஒன்று சாய்ந்து வெளிச்சம் விழும் இடைவெளியில் முதலில் முளைக்கும் சாதி பப்பாளி. பகலில் சுட்டு இரவில் ஆறும் மண்தான் அதை எழுப்புகிறது. நம் ஊர்ச் சூட்டில் இரண்டு மூன்று வாரத்தில் தலை காட்டும். மார்கழியில் விதைத்தால் தாமதமாகும். தண்ணீரை அதிகம் ஊற்றினால் நாற்று கழுத்தில் அழுகிச் சாயும். பப்பாளி நாற்று சாவதற்கு வறட்சியைவிட நம் அன்புதான் பெரும்பாலும் காரணம். பல்கலைக்கழகப் பரிந்துரையில் ஒரு பைக்கு நான்கு விதை என்று இருக்கும். முளைக்காமல் போவதற்கு ஈடு மட்டுமல்ல அது. அதற்குப் பின்னால் ஒரு நிகழ்தகவுக் கணக்கு இருக்கிறது.

ஆண் பெண் தனித்தனியான இரகத்தில் ஒரு குழிக்கு ஒரே கன்று விட்டால், அது ஆணாக இருக்க இரண்டுக்கு ஒன்று வாய்ப்பு. மூன்று கன்று விட்டால் மூன்றும் ஆணாக இருக்க எட்டில் ஒன்றுதான். நான்கு விட்டால் பதினாறில் ஒன்று. நீளப் பழத்து விதையில் இருபால் மரம் வேண்டும் என்று மூன்று கன்று விட்டால், மூன்றுமே பெண்ணாகிப்போக இருபத்தேழில் ஒரு வாய்ப்பு. ஆகவே ஒரு குழியில் மூன்று கன்று நட்டு, பூ வந்ததும் ஒன்றை மட்டும் நிறுத்தி மற்றதைத் தரையோடு அறுத்துவிட வேண்டும். பிடுங்கினால் பக்கத்துக் கன்றின் வேரும் கூடவே வரும். ஆண் கன்று பெரும்பாலும் முந்திப் பூக்கும். அதைப் பார்த்து அவசரப்பட்டு மற்றவற்றைக் களைந்துவிடக் கூடாது. நன்றாக வளர்ந்த கன்றை வெட்ட மனம் வராமல் மூன்றையும் விட்டுவைக்கும் வீடுகள் உண்டு. மூன்றும் ஒன்றோடொன்று போட்டியிட்டு ஒல்லியாக உயர்ந்து, காற்றில் ஒன்றாகவே சாயும்.

குழி ஒன்றரை அடி நீள அகல ஆழம், குழிக்குக் குழி ஆறடி. இரண்டு மாத வயதில், ஒரு சாண் உயரத்தில், பை மண் உடையாமல் நட வேண்டும். கழுத்தைப் புதைக்கக் கூடாது. இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது: தண்ணீர் தேங்காத இடம். ஐப்பசி மழையில் இரண்டு நாள் வேரடியில் தண்ணீர் நின்றால் நல்ல காய்ப்பில் இருக்கும் மரம்கூட இலை மஞ்சளித்துத் தலை தொங்கிவிடும். வேர் மூச்சுவிட முடியாமல் அழுகுகிறது. பள்ளமான கொல்லையில் மண்ணை மேடாகக் குவித்து அதன் மேல் நடுவது ஒன்றே வழி. கிணற்றடியில் தானாக முளைத்த மரம் செழிப்பது தண்ணீர் வருவதால் மட்டுமல்ல, வந்த தண்ணீர் வாய்க்காலில் ஓடிப்போய்விடுவதாலும்தான்.

சிவப்புச் சதை வேண்டும் என்பவர்கள் ஒரு செய்தியைத் தெரிந்துகொள்ள வேண்டும். எல்லாப் பப்பாளியும் லைக்கோபீன் என்ற சிவப்பு நிறமியைத் தயாரிக்கிறது. மஞ்சள் பழத்தில் ஒரு நொதி அந்தச் சிவப்பைப் பீட்டா கரோட்டின் ஆக மாற்றுகிறது. சிவப்புப் பழத்தில் அந்த நொதிக்கான மரபணுவில் இரண்டே இரண்டு எழுத்து கூடுதலாக நுழைந்து வாசகத்தையே குலைத்துவிட்டது. நொதி பிறப்பதில்லை, சிவப்பு அப்படியே தங்குகிறது. பழுதில்லாத ஒரு பிரதி இருந்தாலே பழம் மஞ்சளாகும். பழுதான பிரதி அம்மாவிடமிருந்தும் அப்பாவிடமிருந்தும் வந்தால்தான் சிவப்பு. எனவே சிவந்த பழத்தின் விதையை ஊன்றி மஞ்சள் பழம் வந்தால் விதை தந்தவரோடு சண்டைக்குப் போக வேண்டாம். மஞ்சள் இரகத்து மகரந்தம் எங்கிருந்தோ வந்திருக்கிறது. அந்த மஞ்சள் மரத்தின் பூவைத் தன் மகரந்தத்தாலேயே கருத்தரிக்க வைத்தால் பிள்ளைகளில் நாலில் ஒன்று மறுபடி சிவக்கும். இரண்டு மஞ்சள் மரங்களுக்குச் சிவப்புப் பிள்ளை பிறப்பதும் இந்தக் கணக்கில் அடங்கியதே. மஞ்சள் ஒன்றும் மட்டமல்ல. பீட்டா கரோட்டினைத்தான் உடல் வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்கிறது.

பிடித்த மரம் ஒன்று வாய்த்துவிட்டால் அதை விதை வழியே நிறுத்திக்கொள்ள முடியும், அதுவும் வீட்டிலேயே. இருபால் மரமாக இருந்தால் விரியாத மொட்டு ஒன்றைக் காகித உறையால் மூடி, காம்பில் இலேசாக நூல் கட்டிவிட வேண்டும். வெளி மகரந்தம் வராது, உள் மகரந்தம் போதும். இதழ் உதிர்ந்ததும் உறையை எடுத்துவிட்டு, அடையாளம் தெரிய அந்தப் பிஞ்சின் காம்பில் வண்ண நூல் ஒன்று. பழுத்த பிறகு அந்த ஒரு பழத்தின் விதை மட்டும் எடுத்துவைக்கலாம். சோளம் போன்ற பயிர்களில் இப்படித் தன்னோடு தானே சேர்த்தால் சில தலைமுறையில் வீரியம் குன்றிவிடும். பப்பாளி இதைப் பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை. சோலோ இத்தனை காலம் தாக்குப்பிடித்ததே சான்று. ஒவ்வொரு தலைமுறையிலும் நிலைபெறாத குணங்கள் பாதியாகக் குறையும். ஐந்தாவது தலைமுறையில் மிஞ்சுவது முப்பத்திரண்டில் ஒரு பங்கு. விதையிலிருந்து பழத்துக்கு ஓராண்டுக்கு மேல் ஆகும் என்பதால் ஆறேழு ஆண்டு வேலை இது. சின்னக் கொல்லையில் சில மரங்களை மட்டும் வைத்துத் தேர்ந்தெடுப்பதால் நல்ல குணம் எல்லாம் ஒரே மரத்தில் வந்து சேரும் என்று எதிர்பார்க்க முடியாது, ஒன்றிரண்டு குணத்தை மட்டும் குறிவைக்கலாம். பெண் மரமானால் மொட்டை மூடி வைத்து, விரிந்த அன்று நமக்குத் தெரிந்த மரத்தின் மகரந்தத்தை நாமே தடவி மறுபடி மூட வேண்டும்.

பூச்சிகளைப் பற்றிச் சுருக்கமாக. 2008இல் கோவைப் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி முதலில் கண்ணில் பட்டது. மெக்சிகோ பக்கத்துப் பூச்சி. இங்கே அதற்கு எதிரி இல்லாததால் பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று எதையும் விடவில்லை. 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்த ஒட்டுண்ணிக் குளவிகளைத் தோட்டங்களில் விட்டார்கள். கண்ணுக்கே சரியாகத் தெரியாத அசிரோஃபேகஸ் பப்பாயே என்ற குளவி மாவுப்பூச்சிக்குள் முட்டையிட்டு அதை அடக்கியது. அதன் சந்ததி இன்றும் நம்மைச் சுற்றித்தான் இருக்கிறது. இலையடியில் நாலு வெள்ளைப் புள்ளியைப் பார்த்ததும் கடும் மருந்தடித்தால் முதலில் சாவது அந்தக் குளவி. குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவுவதே ஆரம்பத்தில் போதும்.

வளையப்புள்ளி நச்சுயிரி அப்படி அடங்குவதல்ல. இலை சிறுத்து நூல் போலாகும், காம்பில் எண்ணெய் வழிந்தது போன்ற கோடுகள், காயின் மேல் வளையங்கள். 1992இல் ஹவாயின் பூனா பகுதித் தோட்டங்களுக்குள் இது புகுந்தபோது அங்கத்திய பப்பாளித் தொழிலே ஆட்டம் கண்டது. டென்னிஸ் கோன்சால்வ்ஸ் என்ற ஆய்வாளரின் குழு, நச்சுயிரியின் உறைப் புரத மரபணுவைப் பப்பாளிக்குள் செலுத்தி உருவாக்கிய இரகங்கள் 1998இல் விவசாயிகள் கைக்குப் போய் அதை மீட்டன. இந்தியாவில் அவற்றைச் சாகுபடி செய்ய அனுமதி இல்லை. நோய் வந்த மரத்தைக் குணப்படுத்த மருந்தும் இல்லை. நச்சுயிரியைச் சுமந்து வருவது அசுவினிப் பூச்சி. அது பப்பாளியில் குடியிருப்பதில்லை, போகிற போக்கில் இலையைக் குத்திப் பார்த்துவிட்டுப் பறந்துவிடும். அந்தச் சில நொடி போதும். பூசணிக் குடும்பத்துக் கொடிகளிலும் இந்த நச்சுயிரி தங்கும் என்பதால் பப்பாளிக்குப் பக்கத்தில் பீர்க்கையும் பூசணியும் ஏற்றாமல் இருப்பது மேல்.

ஒரு நல்ல செய்தி உண்டு: இந்த நச்சுயிரி பொதுவாக விதை வழியே இறங்குவதில்லை. காய்த்து ஓய்ந்து வளையம் விழத் தொடங்கிய மரமானாலும், பழம் இனித்தது, அப்பா யாரென்று தெரியும் என்றால் அதன் விதையை எடுத்து உலர்த்தி வைக்கலாம். நாற்றுப் பைகளை மட்டும் அந்த மரத்துக்கு எட்டவே, வீட்டின் மறுபக்கம் வைக்க வேண்டும். கன்று நடும் வயதுக்கு வருவதற்குள் பழைய மரத்தை வெட்டி, இலையும் தண்டும் கொல்லையில் கிடக்காமல் அப்புறப்படுத்திவிட வேண்டும்.